சம்பளச் சீட்டும் விருதுப் படிவமும்

2023 செப்டம்பரில் ஒரு புதன்கிழமை இரவு. டியூஷன் முடிந்து பிள்ளைகள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பேரனை அழைத்துப் போக வந்த அக்கா ஒருவர் பழைய மைலோ டின் ஒன்றை என் மேசைமேல் வைத்தார். "டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்கள். நான் புரிந்துகொண்டது சரிதானா என்று சொல்லுங்கள்" என்றார். டின்னுக்குள் சம்பளச் சீட்டுகள் இருந்தன. மாதவாரியாக அடுக்கி ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்தார். அவருக்கு அந்த மாதம்தான் 55 வயது நிறைந்திருந்தது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்று கிள்ளான் வரை போயிருக்கிறார். முகப்பில் இருந்த அதிகாரி கணக்கறிக்கையை அச்சிட்டுக் கொடுத்து, கடைசி 14 மாதங்களாக எதுவும் ஏறவில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆனால் டின்னில் இருந்த ஒவ்வொரு சீட்டிலும் சேமநிதிக்கு 165 ரிங்கிட் பிடித்ததாக அச்சாகியிருந்தது.

அந்த டின்னில் தொடங்கிய செய்திக்குத்தான் சென்ற ஆண்டு எங்கள் சிறிய செய்தித்தளத்துக்குப் புலனாய்வு விருது ஒன்று கிடைத்தது. அதன் பிறகு மற்ற ஊர்களில் எழுதுகிற தம்பி தங்கைகள் எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நேரம் போதவில்லை. நடந்ததை இங்கே முழுவதுமாக எழுதிவிடுகிறேன். நாங்கள் தவறிய இடங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவற்றில்தான் உங்களுக்குப் பயன் இருக்கிறது.

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரை 2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். தோட்டத்து ஆட்களுக்கு அது இன்றும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சிலாங்கூர் ஆறு, பழைய ஈயக் குட்டைகள், அவற்றைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை செம்பனை. நான் சிறுமியாக இருந்தபோது பாதி இடத்தில் பால்மரம் நின்றது. அப்பா தோட்டத்தில் கிராணியாக இருந்தார். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆளெடுப்புக்கு, வந்த ஆட்களைச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பதிவது அவர் வேலை. பதிவில் பிழை வந்தால் அவர் அழிக்க மாட்டார். மேலே ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவார். பழைய எழுத்து கோட்டுக்கு அடியில் தெரிய வேண்டும் என்பார். அது எனக்கு இவ்வளவு காலம் கழித்து உதவும் என்று அன்று தெரியாது.

பதினெட்டு ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழுக்கு வட்டார நிருபராக எழுதினேன். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, சாலை விபத்து, இரங்கல் செய்தி. 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019 ஜனவரியோடு நின்றபோது, நான் எழுதிய இதழ் அது இல்லை என்றாலும், வீட்டில் ஒரு பெரியவர் போனதுபோல் இருந்தது. அதன் பிறகு தமிழ்ச் செய்தியில் தோட்டப்புறத்துக்கு இடம் மேலும் சுருங்கியதாக எனக்குப் பட்டது. நானும், அஞ்சல் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரும், கைத்தொலைபேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவரும் சேர்ந்து சொந்தமாகச் செய்தித்தளம் தொடங்கினோம். அச்சில் கொண்டுவர 1984ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதால் இணையத்தோடும் புலனக் குழுவோடும் நின்றுகொண்டோம். சம்பளம் யாருக்கும் கிடையாது.

அக்கா டின்னைக் கொடுத்த இரவே எழுதிப் போட்டுவிட வேண்டும் என்று எனக்குக் கை துடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போது குறைந்தபட்ச சம்பளம் 1,500 ரிங்கிட். அதில் தொழிலாளி பங்கு 11 விழுக்காடு, அதாவது 165 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 195 ரிங்கிட். மாதம் 360 ரிங்கிட் என்றால் 14 மாதங்களுக்கு 5,040 ரிங்கிட். உதிரிப்பழம் பொறுக்கி, மருந்து அடித்து, முதுகு வளைந்துபோன ஒருவருடைய பணம் அது. அஞ்சல் நிலைய அண்ணன்தான் என்னைத் தடுத்தார். "ஒருவருக்கு மட்டும் நடந்திருந்தால் பதிவெண் மாறிப்போன பிழையாகவும் இருக்கலாம். அவரோடு வேலை செய்பவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்" என்றார். அவர் சொன்னதைக் கேட்காமல் இருந்திருந்தால், தோட்டத்தில் அவர்களை வேலைக்கு வைத்திருந்த குத்தகைக்காரர் "கணக்காளர் பிழை" என்று ஒரு வரி சொல்லி, அந்த ஓர் அக்காவுக்கு மட்டும் பணத்தைக் கட்டி, எல்லாவற்றையும் மூடியிருப்பார்.

அடுத்து நடந்தது முழுக்க என் தவறு. சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டு முதல் தகவல் பெறும் சட்டம் இருக்கிறது. நாட்டிலேயே இப்படி ஒரு சட்டம் முதலில் நிறைவேறியது நம் மாநிலத்தில்தான். அதை வைத்து எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடலாம் என்று நினைத்து இரண்டு வாரம் வீணடித்தேன். அது மாநில அரசின் அலுவலகங்களுக்கான சட்டம். தனியார் தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்கும் குத்தகைக்காரருக்கு அது பொருந்தாது. சேமநிதி வாரியமோ கூட்டரசுக்கு உட்பட்டது. சட்டம் யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதை முதலில் பாருங்கள். உண்மையில் எனக்குச் சட்டமே தேவைப்படவில்லை. தன் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்க ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை இருக்கிறது. அடையாள அட்டையும் கட்டைவிரலும் போதும். சீட்டு அவர்களிடம் இருக்கிறது, அறிக்கையை அவர்களே வாங்கலாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள்தான் இல்லாமல் இருந்தது.

ஆனால் சீட்டை வாங்குவது எளிதாக இல்லை. அந்தப் பெண்கள் குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை போனால் கூரையும் போகும் என்ற பயம் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. அதை வெளியூர்க்காரர்கள் கோழைத்தனம் என்று பேசும்போது எனக்குக் கோபம் வருகிறது. நான் அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போவதை நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில், இரவுச் சந்தையில், பள்ளி வாசலில் பார்த்துப் பேசினேன். ஒவ்வொருவரிடமும் மூன்று விஷயங்களை மாற்றாமல் சொன்னேன். சீட்டைப் படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தருவேன். உங்கள் பெயரை எங்கள் மூவரைத் தவிர யாரும் அறிய மாட்டார்கள். செய்தி வெளியாகும் நாள்வரை எப்போது வேண்டாம் என்றாலும் எடுத்துவிடுவேன். இரண்டு பேர் பாதியில் வேண்டாம் என்றார்கள். அவர்கள் முன்னிலையிலேயே அழித்தேன். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்கள் நம்பினார்கள். கடைசியில் 19 பேர் சேர்ந்தார்கள்.

சீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குத்தகைக்காரர்கள் கொடுக்கும் சீட்டு பெரும்பாலும் கடை ரசீதுபோல வெப்பத் தாளில் அச்சானது. சில மாதங்களில் எழுத்து வெளிறிவிடும். பாதுகாப்பதாக நினைத்து ஓர் அக்காவின் மூன்று சீட்டுகளை பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டக் கொடுத்தேன். இயந்திரத்தின் சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிட்டது. மூன்று மாத ஆதாரம் என் கையாலேயே அழிந்தது. அவர் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசவில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கையில் கிடைத்த நிமிடமே, நல்ல வெளிச்சத்தில், முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். படத்தை இரண்டு இடங்களில் சேமியுங்கள். மூலத்தை வெயில் படாத உறையில் வைத்து உரியவரிடமே கொடுத்துவிடுங்கள்.

தம்பி எக்செலில் ஓர் அட்டவணை போட்டார். 19 பேர், 14 மாதங்கள், 266 வரிகள். ஒவ்வொரு வரியிலும் சீட்டில் பிடித்த தொகை, அறிக்கையில் ஏறிய தொகை, சீட்டின் படத்துக்கு ஓர் எண், யார் எப்போது பதிந்தார் என்ற குறிப்பு. திருத்தம் வந்தால் பழைய எண்ணை அழிக்காமல் பக்கத்துக் கட்டத்தில் புதியதை எழுதினோம். அப்பாவின் செக்ரோல் பழக்கம் அது. 266இல் 211 வரிகளுக்குத்தான் சீட்டு கிடைத்தது. மீதி 55 வரிகளை வெற்றாகவே விட்டோம். ஒரு பெண்ணுக்கு 13 மாதம் பிடித்திருந்தால் பதினான்காவது மாதமும் பிடித்திருப்பார்கள் என்று யூகிக்கலாம். ஆனால் யூகத்தை அட்டவணையில் எழுதக் கூடாது.

பதிந்துகொண்டிருக்கும்போது தம்பிதான் முதலில் கவனித்தார். 2022 டிசம்பர்வரை சீட்டின் தலைப்பில் ஒரு பெயர். 2023 ஜனவரியிலிருந்து வேறு பெயர். எழுத்துருவும் நிறமும் ஒன்று. வேலை வாங்கும் ஆளும் ஒருவரே. நாங்கள் யாரும், சீட்டை வைத்திருந்த அக்காமார்களும், தலைப்பைப் பார்க்கவே இல்லை. எல்லாருடைய கண்ணும் நேராகக் கடைசி வரிக்குத்தான் போயிருக்கிறது. எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தின் இணையத்தளத்தில் சிறு கட்டணம் கட்டி இரண்டு பெயர்களின் விவரங்களையும் வாங்கினோம். முதலாவது ஒருவர் பெயரில் பதிந்த தனி வணிகம், பதிவு காலாவதியாகியிருந்தது. இரண்டாவது புதிய செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட, நிறுவனம். இரண்டுக்கும் முகவரி ஒன்றுதான். தனி வணிகத்தின் பதிவு காலாவதியானாலும் அதன் கடன் உரிமையாளரை விட்டுப் போகாது என்று ஒரு வழக்கறிஞர் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தின் மதிப்பு எங்களுக்குப் பின்னால்தான் விளங்கியது.

வெளியிடுவதற்கு முன் குத்தகைக்காரருக்குப் பதிவு அஞ்சலில் ஒன்பது கேள்விகள் அனுப்பினோம். பதில் சொல்ல பத்து நாள் கொடுத்தோம். நாலாவது நாள் என் சித்தப்பா மகன் வழியாக, டியூஷன் நடத்துகிற பெண் டியூஷனோடு நிற்பது நல்லது என்று சொல்லி அனுப்பினார். எட்டாவது நாள் எழுத்தில் பதில் வந்தது. கணக்காளரின் தாமதம், யாருடைய பணமும் வீணாகாது என்று இருந்தது. அதை ஒரு சொல் வெட்டாமல் செய்தியிலேயே வெளியிட்டோம். 1991ஆம் ஆண்டின் சேமநிதிச் சட்டப்படி ஒரு மாதச் சம்பளத்துக்கான தொகையை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் ஆறு ஆண்டுகள் வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இதையும் அவருடைய பதிலையும் அடுத்தடுத்து வைத்தோம். எங்கள் கருத்து என்று எதையும் சேர்க்கவில்லை.

'திருடினார்', 'ஏமாற்றினார்' என்ற சொற்களை நாங்கள் எழுதவில்லை. '19 பேரின் சீட்டுகளில் பிடித்தம் காட்டப்பட்டிருக்கிறது, அதே மாதங்களில் வாரியத்தின் அறிக்கையில் வரவு இல்லை' என்றுதான் எழுதினோம். அவதூறு வழக்கு வந்தால் எங்கள் மூவரின் வீடும் போகும் என்ற பயம் ஒரு காரணம். நோக்கத்தை நாங்கள் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தோம் என்பது இன்னொரு காரணம்.

2024 ஜனவரியில் செய்தி வந்தது. அந்த வாரமே 19 பேரில் 12 பேர் வேன் பிடித்துப் போய் வாரியத்தில் புகார் கொடுத்தார்கள். நாங்கள் கொடுத்த அட்டவணை நகலைப் பார்த்த அதிகாரி ஒருவர், இவ்வளவு ஒழுங்காக ஒரு புகார் வந்து தான் பார்த்ததில்லை என்றார். இரண்டு மாதத்தில் புதிய நிறுவனத்தின் பெயரில் இருந்த ஏழு மாதத் தொகை எல்லாருக்கும் ஏறிவிட்டது. பழைய பெயரில் இருந்த ஏழு மாதத்துக்கு இழுபறி தொடங்கியது.

விருது என்ற பேச்சு வந்தது அப்போதுதான். கோலாலம்பூரில் பணிபுரியும் பழைய நண்பர் ஒருவர், ஊடக விருது ஒன்றில் சிறு செய்தி நிறுவனங்களுக்கான புலனாய்வுப் பிரிவு இருக்கிறது, அனுப்புங்கள் என்றார். எனக்குத் தயக்கம் இருந்தது. நம் நாட்டில் விருது என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம், மலேசியப் பத்திரிகைக் கழகம் மலாய் இதழியலின் தந்தை அப்துல் ரஹிம் காஜாயின் பெயரில் கொடுக்கும் உயரிய பரிசு போன்றவை. அவை பெரிய செய்தி அறைகளின் உலகம் என்றே நினைத்திருந்தேன். இருந்தாலும் அனுப்பினோம். ஐந்நூறு சொல்லில் விளக்கம் கேட்டிருந்தார்கள். அக்காவின் வெடித்த கை, லயத்தின் ஒழுகும் கூரை, பேரனின் கிழிந்த காலணி எல்லாவற்றையும் உருக்கமாக எழுதினேன். தேர்வாகவில்லை.

ஏன் என்று கேட்டுக் கடிதம் எழுதினேன். பதில் வராது என்றுதான் நினைத்தேன். நடுவர் ஒருவர் இரண்டு வரி அனுப்பினார். "பாதிக்கப்பட்டவர்களின் துயரம் நன்றாகத் தெரிகிறது. நீங்கள் அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது எங்குமே தெரியவில்லை."

முதலில் வருத்தப்பட்டேன். பிறகு யோசித்தால் அவர் சொன்னது முழு உண்மை. 266 வரி, பெயர் மாறிய தலைப்பு, காலாவதியான பதிவு, கறுத்துப்போன மூன்று சீட்டு, வெற்றாக விட்ட 55 கட்டம், இவற்றில் ஒன்றைக்கூட நான் விண்ணப்பத்தில் எழுதியிருக்கவில்லை. வேலையை மறைத்துவிட்டு வலியை மட்டும் காட்டியிருக்கிறேன். செய்தியிலும் அப்படித்தான் செய்திருந்தேன் என்பது பிறகு மெல்லப் புரிந்தது.

அந்த ஆண்டு முழுவதும் மற்றவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 1975இல் தொடங்கிய ஐஆர்இ என்ற புலனாய்வு நிருபர்கள் அமைப்பு ஒரு விருது கொடுக்கிறது. அதன் படிவத்தைப் படித்தபோது எனக்குப் புதிய பாதை தெரிந்தது. இந்தச் செய்தி எப்படித் தொடங்கியது, என்னென்ன ஆவணங்களைப் பயன்படுத்தினீர்கள், யாரிடம் பேசினீர்கள், என்ன விளைந்தது, செய்தியின் உண்மையை யாராவது மறுத்தார்களா, இதேபோல் செய்ய நினைக்கும் மற்ற நிருபர்களுக்கு உங்கள் அறிவுரை என்ன என்று அது கேட்கிறது. அந்தப் படிவங்களைச் சேர்த்துவைத்து மற்ற நிருபர்கள் படித்துக் கற்கவும் கொடுக்கிறார்கள். தோற்றவர்களின் படிவமும் அங்கே பாடமாகிறது. இப்படி ஓர் ஏற்பாடு தமிழில் இருந்திருந்தால் நான் அந்தச் சீட்டுகளைச் சூட்டில் கொடுத்திருக்க மாட்டேன்.

புலிட்சர் பரிசு 1917 முதல் கொடுக்கப்படுகிறது. அது அமெரிக்க ஊடகங்களுக்கானது, நமக்கு அதில் இடமில்லை. ஆனாலும் அதில் வென்ற சிறிய ஊர் இதழ்களின் கதைகள் எங்கள் கதைபோலவே இருந்தன. 1990இல் பொதுச் சேவைக்கான பரிசை வட கரோலினாவின் வாஷிங்டன் என்ற சிற்றூரின் நாளிதழ் வாங்கியது. அதன் ஆசிரியர் தம் வீட்டுத் தண்ணீர்க் கட்டணச் சீட்டின் பின்புறத்தில் இருந்த ஒரு வரியைப் படித்துச் சந்தேகப்பட்டதில் அது தொடங்கியது. குடிநீரில் புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள் இருப்பதை எட்டு ஆண்டுகளாக நகர நிர்வாகம் மக்களுக்குச் சொல்லாமலும் சரிசெய்யாமலும் இருந்தது வெளியே வந்தது. சீட்டின் பின்புறம்! நான் சீட்டின் தலைப்பைக்கூடப் பார்க்காதவள்.

2010இல் அதே பரிசை வர்ஜீனியாவின் பிரிஸ்டல் ஹெரால்டு கூரியர் என்ற சிறிய இதழ் வாங்கியது. நிலத்துக்கு அடியில் எடுக்கப்படும் எரிவாயுவுக்காக ஆயிரக்கணக்கான நில உரிமையாளர்களுக்குச் சேர வேண்டிய உரிமத்தொகை அவர்கள் கைக்குப் போகாமல் முடங்கிக் கிடந்ததை டேனியல் கில்பர்ட் என்ற நிருபர் எழுதினார். எரிவாயு எடுத்த கணக்கையும் பணம் கட்டிய கணக்கையும் ஒப்பிட அவருக்கு முதலில் தெரியவில்லை. இதழ் அவரைப் பயிற்சிக்கு அனுப்பியது, போய் அட்டவணை போடக் கற்றுவந்தார். இதைப் படித்துவிட்டுத் தம்பியிடம் சொன்னேன். உரியவர்களுக்குச் சேர வேண்டிய பணம், இரண்டு கணக்குகள், நடுவில் ஒரு வெற்றிடம். எங்கள் வேலையும் அதே இனத்தைச் சேர்ந்தது என்று அறிந்தபோது கிடைத்த தைரியத்தை எந்தக் கேடயமும் தந்ததில்லை.

2025இல் மீண்டும் அனுப்பினோம். இந்த முறை அக்காவின் கையைப் பற்றி ஒரே வாக்கியம். மற்றதெல்லாம் முறை. எத்தனை சீட்டு, எப்படிச் சரிபார்த்தோம், எதை உறுதிப்படுத்த முடியவில்லை, எங்கே தவறினோம். மூன்று சீட்டு கறுத்ததையும் எழுதினேன். தவறைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று அண்ணன் பயந்தார். தவறை நாமே சொன்னால்தான் மீதியை நம்புவார்கள் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒன்பது பெண்கள் சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டுக் கொடுத்த வாக்குமூலங்களை, பெயரை மறைத்து, இணைத்தோம். புகாருக்குப் பின் பணம் ஏறிய அறிக்கைகளையும் தேதியோடு வைத்தோம். செய்தி எத்தனை பேரால் பகிரப்பட்டது என்ற கணக்கை இணைக்கவில்லை. பகிர்வு எண்ணிக்கையால் யாருடைய சேமநிதியிலும் ஒரு காசு ஏறுவதில்லை.

மொழிபெயர்ப்பு இருக்கிறதே, அதுதான் பெரிய சோதனை. தமிழில் எழுதிய செய்தியை மலாய் அல்லது ஆங்கிலத்தில் தர வேண்டும் என்பது விதி. சட்டம் படிக்கும் என் அக்கா மகள் ஆங்கிலத்தில் செய்து கொடுத்தாள். நல்ல பிள்ளை, இரவு பகலாக உழைத்தாள். ஆனால் 'வரவு இல்லை' என்று நாங்கள் எழுதிய இடத்தில் ஆங்கிலத்தில் 'திருடப்பட்டது' என்று பொருள்படும் சொல் விழுந்திருந்தது. நான்கு மாதம் ஒவ்வொரு சொல்லாகத் தராசில் வைத்து எழுதியதெல்லாம் ஒரு சொல்லில் கவிழ்ந்திருக்கும். அனுப்புவதற்கு முதல் நாள் இரவு அண்ணன் கண்டுபிடித்தார். மொழிபெயர்ப்பை மீண்டும் தமிழுக்குத் திருப்பச் சொல்லி, அதை மூலத்தோடு வேறொருவர் ஒப்பிட வேண்டும். இதற்குப் பத்து நாளாவது ஒதுக்குங்கள்.

இந்த விதி எனக்கு வேதனை தருகிறது. ஹாங்காங்கிலிருந்து ஆசியா முழுமைக்கும் கொடுக்கும் சோபா விருதில் தமிழ்ப் பிரிவு இல்லை. இந்தியாவில் ராம்நாத் கோயங்கா பெயரிலான விருதில் வட்டார மொழிப் பிரிவு இருக்கிறது, ஆனால் அது இந்தியச் செய்திகளுக்கு. உலகப் புலனாய்வு இதழியல் வலையமைப்பு அச்சுறுத்தலுக்கு நடுவில் செய்த வேலைக்கென்று ஒரு விருது வைத்து, அதில் 20 பேருக்கு மேற்படாத நிறுவனங்களைத் தனியாக மதிப்பிடுகிறது. அளவுக்கு ஏற்பத் தராசு வைக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நூறு பேர் பணிபுரியும் செய்தி அறையையும் டியூஷன் மேசையையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமாகாது. நம் நாட்டில் தமிழ்ச் சங்கங்களும் அறவாரியங்களும் எத்தனையோ பொன்னாடை போர்த்துகின்றன. தமிழ் படிக்கத் தெரிந்த மூன்று நடுவர்கள், ஒரு நல்ல படிவம், தோற்றவருக்கும் இரண்டு வரி பதில், இதை மட்டும் அவர்கள் செய்தால் எத்தனை ஊர்களில் எத்தனை டின்கள் திறக்கும்!

பட்டியலில் எங்கள் பெயர் வந்தபோது, கேடயத்தில் பொறிக்க ஒருவரின் பெயரைக் கேட்டார்கள். தளத்தின் பெயரைப் போடச் சொன்னோம். புலிட்சரின் பொதுச் சேவைத் தங்கப் பதக்கம் தனிமனிதருக்கு இல்லாமல் செய்தி நிறுவனத்துக்கே போகிறது என்று எழுதியனுப்பினேன். ஒப்புக்கொண்டார்கள். விழா ஒரு ஹோட்டலில் நடந்தது. போனோம், வாங்கினோம், கடைசிப் பஸ் போய்விட்டதால் தம்பியின் லாரியில் திரும்பினோம்.

பரிசுத் தொகை 3,000 ரிங்கிட். ஸ்கேனர் ஒன்று வாங்கினோம். வேன் வாடகைக்கும் சத்தியப் பிரமாணக் கட்டணத்துக்கும் மீதியை ஒதுக்கினோம். மறுநாள் மாலை கேடயத்தை எடுத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார், முந்தானையால் துடைத்தார். பிறகு, "டீச்சர், எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் என் பணம் பாதி இன்னும் வரவில்லையே. அதற்குள் உங்களுக்குப் பரிசு கொடுத்துவிட்டார்களே" என்றார். குறையாகச் சொல்லவில்லை, கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பழைய பெயரில் இருந்த ஏழு மாதம், 2,520 ரிங்கிட். விண்ணப்பத்தில் 'விளைவு' என்ற கட்டத்தில் நான் 'பாதித் தொகை மீட்கப்பட்டது' என்று எழுதியிருந்தேன். நடுவர்களுக்கு அது ஒரு வெற்றி. அவருக்கு அது பாதி.

விருதால் ஒரு பயன் உண்டு, அதை மறைக்க மாட்டேன். முன்பு என் தொலைபேசியை எடுக்காதவர்கள் இப்போது எடுக்கிறார்கள். அந்த வழக்கறிஞர் பழைய வணிகத்தின் உரிமையாளருக்குக் கட்டணமின்றி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். முதலில் பயந்து ஒதுங்கிய இருவரும் தங்கள் சீட்டைக் கொண்டுவந்தார்கள். வேறு இரண்டு தோட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள், வேறு குத்தகைக்காரர்கள், வேறு தலைப்புகள். புதிய அட்டவணையில் முதல் பத்தியே சீட்டின் தலைப்பில் உள்ள பெயர்தான்.

வருகிற செவ்வாய்க்கிழமை கிள்ளானுக்கு வேன் போகிறது. பதினொரு பேர் உட்காரலாம், பதினான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அக்காவின் பெயரை முதலில் எழுதிவைத்திருக்கிறேன். தம்பி இரண்டாவது வேனுக்குச் சொல்லியிருக்கிறார்.